வாசலுக்கு எதிரே ஒரு வால்வு

மார்ச் 3

அடேய் பூசணி,

நான் சுகமா இருக்கேன். இந்த வரியை எழுதாம கடிதம் ஆரம்பிக்கக் கூடாதுன்னு அஞ்சாம் வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க. அதுக்கு மேல நான் படிக்கல, அதனால அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ எப்படி இருக்க? வயித்து வலி தேவலையா? ஆபீஸ் கேன்டீன்லயே விழுந்து கிடந்தா வயிறு எங்க தேறும்.

போன் அடிச்சா அக்கா ஏன் எடுக்க மாட்டேங்குதுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட கேட்டியாமே. கோவம் எல்லாம் இல்லடா. உன் மாமா போன சேதி அந்தப் போன்லதான் வந்துச்சு. அதுல இருந்து மணி அடிச்சாலே கை முன்னால வர மாட்டேங்குது. கடிதம்னா பரவாயில்ல. வந்ததும் கத்தாம, நாம பிரிக்கற வரைக்கும் சும்மா கிடக்கும். அதனால நீ எழுது, நானும் எழுதறேன். என் எழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே.

வீட்டுக்கு எதிர்ல ஒரு காலி மனை இருந்துச்சு இல்ல, அங்க போன வாரம் லாரி லாரியா இரும்புக் குழாய் வந்து இறங்குச்சு. ஒவ்வொண்ணும் உள்ள ஒரு ஆள் தவழ்ந்து போற அளவு. மேல கறுப்பா ஒரு பூச்சு. ரெண்டு முனையிலயும் மஞ்சள் மூடி. கிரேன் தூக்கறப்போ நம்ம ஜன்னல் கண்ணாடி எல்லாம் பேசுது. கேஸ் கொண்டு போற குழாயாம். நீ ஏதோ கேஸ் குழாய்க்குச் சாமான் வாங்கற உத்தியோகம்னு சொல்வியே, இது உன்னுதா, வேற எவனோடதா?

அந்த வேலைக்காரங்க தண்ணி கேட்டு வந்தாங்க. அதுல ஒரு வெல்டர், வாசல் நிலை இடிக்கற அளவுக்கு உயரம். அவன் சட்டைக் கை முழுக்க நெருப்புப் பொறி பட்டு சல்லடையா இருந்துச்சு. என் தையல் மெஷினைப் பார்த்துட்டு, "அக்கா, இதுக்கு ஏதாவது வழி இருக்கா?"ன்னான். "வழி இருக்கு, சட்டைதான் இல்ல"ன்னேன். சிரிச்சுட்டான். உன் மாமா போனதுக்கு அப்புறம் மெஷின் மேல போட்டு வெச்ச துணியை அன்னிக்குத்தான் எடுத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிறும் நலம், கேன்டீன்காரரும் நலம். உன் எழுத்து கோணல் இல்லை. எங்க தலைமை இன்ஜினியர் எழுத்தைப் பார்த்தா நீ உன்னுதை ஃப்ரேம் போட்டு மாட்டுவ.

அக்கா, அது என் குழாய்தான்! அதை நான் இன்னும் நேர்ல பார்க்கலை தெரியுமா? ஒன்றரை வருஷமா அதோட கல்யாணம் பண்ணாத குறையா திரியறேன். எந்த உருக்காலை, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த லாரின்னு எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா மஞ்சள் மூடின்னு நீ எழுதித்தான் தெரியும். நான் ஆர்டர் போட்டது சிவப்பு. போகட்டும்.

என் வேலை என்னன்னு நீ எப்பவும் கேப்ப, நானும் மழுப்புவேன். சொல்றேன். குழாய் வந்தா வளைவு வராது. வளைவு வந்தா போல்ட் வராது. எல்லாம் வந்து சேர்ற நேரத்துல இன்ஜினியருங்க டிராயிங்கை மாத்துவாங்க. மாத்தின டிராயிங்குக்கு ஏத்த மாதிரி, ஏற்கெனவே வாங்கின சாமானை நான் மாத்தணும். இப்பக்கூட அதான். பாதை ஒரு மேட்டுப் பகுதி வழியா போகணும்னு முடிவாச்சு. மேட்டுல ஏத்தணும்னா கேஸை இன்னும் அழுத்தித் தள்ளணும். அழுத்தம் கூடினா எல்லாமே இன்னும் பலமா இருக்கணும். இந்த முடிவு வர்றதுக்கு முன்னாடியே நான் பாதி வாங்கிட்டேன்.

உன் எதிர்மனை வெறும் குடோன் இல்லை. அங்கே ஒரு வால்வு நிலையம் வருது. லைன்ல எங்கேயாவது உடைஞ்சா, ரெண்டு பக்கத்து வால்வும் மூடிக்கும். நடுவுல இருக்கற கேஸோட போச்சு, மேற்கொண்டு கேஸ் வராது. ஊருக்குக் காவல் அதுதான்.

அந்த மனை உன் வாசல்ல இருந்து எவ்வளவு தூரம் இருக்கும்? ஞாபகம் வர மாட்டேங்குது. எழுது.

உன் தம்பி

*

மார்ச் 25

பூசணி,

சுகம். முட்டி மட்டும் கொஞ்சம் வலி, மெஷின் மிதிக்கறதால. நல்ல வலிதான்.

தூரம் என்னடா தூரம். வாசல்ல நின்னு நான் அரிசியில கல் இருக்குன்னு முணுமுணுத்தா அங்க இருந்து மீசைக்காரர், "நல்லா பார்த்துப் பொறுக்குங்க தங்கச்சி"ங்கறார். அவ்வளவுதான் தூரம். மீசைக்காரர்னா அவங்க போர்மேன். மீசையைத் தவிர மத்தது எல்லாம் சின்ன ஆள். நெட்டை வெல்டரை விரட்டறப்போ அண்ணாந்துதான் திட்டணும். "ஏய் நெட்டையா, கீழ குனிடா, திட்டணும்"ன்னு சொல்லிட்டுத் திட்டுவார். அவன் குனிவான். தினம் இந்தக் கூத்துதான்.

இப்ப அவங்க எல்லார் சட்டையும் என்கிட்டதான் வருது. முழங்கைக்கு ரெட்டைத் துணி வெச்சு அடிச்சுக் கொடுக்கறேன். நெட்டையன் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். பொறக்கப் போற குழந்தைக்குச் சட்டை தைக்கணுமாம். "உன் உயரத்துக்குப் பொறந்தா மீட்டர் கணக்குல துணி வேணும், இப்பவே வாங்கி வை"ன்னேன்.

உன் கடிதத்துல வால்வுன்னு வந்த இடத்துல மடிச்சு வெச்சுட்டேன். மறுநாள்தான் மீதியைப் படிச்சேன். தப்பா எடுத்துக்காதே. மாமா வேலை பார்த்த ஆலை பாய்லர்ல இருந்தது திறக்க வேண்டிய வால்வு, அது திறக்கல. அப்படித்தான் விசாரணையில சொன்னாங்க. ஆவி வெளிய போக வழியில்லாம உன் மாமா நின்ன பக்கமா வெடிச்சுதுன்னு. உன்னுது மூட வேண்டிய வால்வு. ரெண்டும் வேறன்னு எனக்குப் புரியுது. காதுக்குத்தான் புரியல.

உடம்பைப் பார்த்துக்கோ. மழைக்குக் குடை எடுத்துட்டுப் போ.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்கா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோ. நலமா? முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இங்கே ஒரே இழுபறி. வால்வு கம்பெனியோடதான். நாங்க ஆர்டர் கொடுத்தது பழைய அழுத்தத்துக்கு. இப்ப வேண்டியது புதிய அழுத்தத்துக்கு. புதுசா செய்யணும்னா வருஷம் ஆகும். அவங்க சொல்றாங்க: "எங்க வால்வு உடம்பு கெட்டியானது சார், புது அழுத்தத்தையும் தாங்கும். தாங்கும்னு எங்க லெட்டர்பேட்லயே எழுதித் தர்றோம்." எங்க மேனேஜருக்கு அது போதும். எழுதி வாங்கிக்கிட்டா பொறுப்பு அவங்களோடது ஆயிடும்.

நான் சொன்னேன்: "எழுதித் தர வேண்டாம். தாங்கிக் காட்டுங்க." உள்ளே தண்ணி நிரப்பி, புது அழுத்தத்துக்கு ஒன்றரை மடங்கு ஏத்தி, நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்க்கணும். ஒரு சொட்டு வெளியே வரக் கூடாது. அதைச் செய்ய அவங்ககிட்ட அவ்வளவு பெரிய பம்ப் இல்லை. வேற ஊருக்கு அனுப்பணும், அங்கே வரிசையில நிக்கணும். ஒரே ஒரு வால்வு இல்லை, அந்தப் பாதை முழுக்கப் போற எல்லாமே.

மேனேஜர் என்னை உக்கார வெச்சு, காபி எல்லாம் வாங்கிக் கொடுத்து, "தம்பி, வால்வு வாங்கறதுதான் உங்க வேலை, வால்வை நம்பாம இருக்கறது இல்லை"ன்னார். காபியைக் குடிச்சேன். கையெழுத்துப் போடலை.

வேற விசேஷம் இல்லை. மெஷினுக்கு எண்ணெய் போடறியா?

தம்பி

*

மே 19

பூசணி,

சுகம்தான். நீ மெலிஞ்சுட்டேன்னு உன் எழுத்தைப் பார்த்தாலே தெரியுது.

இங்க எல்லாம் நின்னு போச்சுடா. ரெண்டு பக்கமும் குழாயை வெல்டிங்ல பத்த வெச்சு, மண்ணுக்குள்ள இறக்கி, நடுவுல வால்வுக்குன்னு ஒரு பள்ளம் விட்டு வெச்சிருக்காங்க. பள்ளத்துல இப்ப மழைத் தண்ணி நிக்குது. இவங்க பாட்டுக்கு என் வாசப்படியில வந்து உக்காந்துக்கறாங்க. வேலை இல்லாத நாளுக்குப் பாதிக் கூலிதானாம்.

சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லிடறேன். தினமும் உன்னைத் திட்டறாங்க. உன்னைன்னு அவங்களுக்குத் தெரியாது. "தலைமை ஆபீஸ்ல எவனோ ஒருத்தன் வால்வை மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்"ங்கறாங்க. மீசைக்காரர் சொல்றார், "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, கால் மேல காலைப் போட்டுக்கிட்டு, கையெழுத்துப் போட பேனா கனக்குதாம் தொரைக்கு! அவன் பேனாவுல மை வத்திப் போக!" உடனே நெட்டையன், "மை வத்திப் போனா எப்படிண்ணே கையெழுத்துப் போடுவான்? மை இருக்கட்டும், வேற ஏதாவது வத்தட்டும்"ங்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. நான் குனிஞ்சு தைச்சுக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு மீசைக்காரர் சட்டைக்குப் பொத்தான் தைச்சப்போ நூலை அப்படி இழுத்தேன் பாரு, இனிமே அந்தச் சட்டையை வெட்டித்தான் கழட்டணும்.

ஆனா பாவம்டா. நெட்டையனுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்தான். முகத்துல சந்தோஷமும் இருக்கு, பயமும் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா வேற ஊருக்கு வேலைக்குப் போயிடுவானாம்.

நான் படிக்காதவ. அந்தக் கம்பெனிக்காரன் எழுதித் தர்றேங்கறான். பெரியவங்க சரிங்கறாங்க. இத்தனை குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு. ஒரு கையெழுத்துதானே பூசணி. விட்டுட்டா என்ன?

அக்கா

*

மே 27

அக்கா,

நலம். நீயும் நலம்னு நினைக்கிறேன்.

முடியாது அக்கா. கோவிச்சுக்காதே.

குழந்தைக்கு என் சார்பா ஏதாவது தைச்சுக் கொடு. யார் கொடுத்ததுன்னு சொல்லாதே.

நீ இப்ப எந்த ரூம்ல படுக்கற? வாசல் பக்கத்து ரூம்லயா? கட்டிலைப் பின்பக்கம் மாத்திக்கோ. காத்து அங்கேதான் நல்லா வரும்.

தம்பி

*

ஜூன் 8

என் செல்லப் பூசணி,

சுகம். மனசும் இன்னிக்குச் சுகம்.

பின்பக்க ரூம்ல காத்தே வராதுடா. அங்க ஜன்னலே கிடையாது. நீயும் இந்த வீட்டுல வளர்ந்தவன், உனக்குத் தெரியும். உன் கடிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு அந்த ரூம்ல கொஞ்ச நேரம் நின்னேன். நீ எழுதாததை எல்லாம் அங்க நின்னு படிச்சேன். கட்டிலைத் தனியாவே இழுத்துப் போட்டுட்டேன். இனிமே விடுன்னு உன்னைச் சொல்ல மாட்டேன். சொன்னதுக்கு வாயில போட்டுக்கறேன்.

இப்ப நடந்ததைக் கேளு. நேத்து மீசைக்காரர் மறுபடியும் ஆரம்பிச்சார். "அந்த வால்வுக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."ன்னார். நான் கத்திரிக்கோலை மேஜையில வெச்சேன். வெச்ச சத்தத்துல எல்லாரும் திரும்பினாங்க.

"கிடைச்சா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க கேப்போம்"ன்னேன்.

"ஏன் தங்கச்சி, உங்களுக்கு என்ன இவ்வளவு..."

"அவன் என் தம்பி. நான் இடுப்புல தூக்கி வளர்த்தவன்."

மீசைக்காரர் எழுந்து நின்னுட்டார். எழுந்தாலும் உக்காந்தாலும் அவருக்குப் பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா எழுந்தார். நான் விடல. "என் வீட்டுக்கு எதிர்ல வைக்கற வால்வு. சும்மா தாங்கும் தாங்கும்னு எவனோ சொன்னா என் தம்பி கேட்டுக்குவானா? தாங்கிக் காட்டச் சொல்றான். அவனுக்கு நான் இருக்கேன் இங்க"ன்னேன். என் வீட்டுக்காரர் எப்படிப் போனார்னும் சொன்னேன். வெளி ஆளுங்ககிட்ட அதை வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. நெட்டையன் தண்ணி கொண்டு வந்து கொடுத்தான்.

அவன்தான் மெதுவா சொன்னான், "அண்ணே, வால்வு பக்கத்துல நின்னு பத்த வைக்கப் போறது யாரு? நாமதானே." மீசைக்காரர் மீசையைத் தடவிக்கிட்டே இருந்தார். அப்புறம், "தம்பி எப்ப வருவாப்ல? ஒரு டீ வாங்கிக் கொடுக்கணும்"ன்னார்.

உன்னை இனிமே யாரும் இங்க திட்ட மாட்டாங்க. நிம்மதியா வேலையைப் பாரு. நான் இருக்கேன்.

உன் அக்கா

*

ஜூலை 20

பூசணி,

எப்படிடா இருக்க? போன கடிதத்துக்குப் பதில் இல்ல. தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசலுக்கு வர்றேன். அவர் கையை விரிச்சுக்கிட்டே போறார். பக்கத்து வீட்டுப் போனுக்கும் நீ பேசலையாம்.

இன்னிக்கு மீசைக்காரர் வந்தார். உக்காரச் சொன்னேன், உக்காரல. செருப்பைக் கழட்டி, மறுபடி மாட்டி, மறுபடி கழட்டினார். "தங்கச்சி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்"ன்னார். நான் சொன்னதை இவர் பெருமையா சைட் இன்ஜினியர்கிட்ட சொல்லியிருக்கார். "சார், நம்ம வால்வு சார் சும்மா மறிக்கல சார், அவர் அக்கா வீடே இங்கதான் சார் இருக்கு"ன்னு. நல்லதுன்னு நெனைச்சுத்தான் சொல்லியிருக்கார். அந்த இன்ஜினியர் மேல சொல்ல, அது உன் ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சாம். சொந்த அக்காவுக்காகக் கம்பெனி வேலையை நிறுத்தி வெச்சவன்னு உன்னை அந்த இடத்துல இருந்து எடுத்துட்டாங்களாம்.

அவர் மேல தப்பு இல்லடா. கத்திரிக்கோலை வெச்சது நான். இருக்கற இடத்துல இருந்து உன்னைக் காப்பாத்தறதா நெனைச்சுக்கிட்டு உன் தலையில நானே கொண்டு வந்து கொட்டிட்டேன். உன் பள்ளிக்கூடத்துல எவனோ உன்னை அடிச்சான்னு நான் வந்து சண்டை போட்டு, அப்புறம் மொத்த வகுப்பும் உன்னை 'அக்கா பிள்ளை'ன்னு கூப்பிட்டுச்சே, அதே கதை. எனக்கு அறிவு அப்பவும் வரல, இப்பவும் வரல.

நெட்டையன் கிளம்பிட்டான். பாதிக் கூலியில பச்சைப் பிள்ளைக்காரன் எத்தனை நாள் ஓட்டுவான். "கோவம் இல்லையே"ன்னு கேட்டேன். "உங்க மேலயா, உங்க தம்பி மேலயா"ன்னான். "ரெண்டு பேர் மேலயும்தான்"னேன். சிரிச்சான். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கிக்காம போயிட்டான்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

நான் நலமா இருக்கேன், நிஜமாவே. உன் மேல கோவம் இல்லை. எழுதாம இருந்ததுக்குக் காரணம், என்ன எழுதறதுன்னு தெரியலை. நல்ல சேதி வந்தா எழுதலாம்னு காத்திருந்தேன். வந்த சேதி நல்லதா கெட்டதான்னே புரியலை.

என்னைப் பெரிய மேஜைக்கு முன்னால உக்கார வெச்சாங்க. மூணு பேர். "உங்க அக்கா வீடு அந்த வால்வுக்கு எதிர்ல இருக்கறதை ஏன் முன்னாடியே சொல்லலை?"ன்னாங்க. சொல்லியிருக்கணும், அது என் தப்புதான். "அக்கா வீடு அங்கே இல்லைன்னா இந்த டெஸ்ட்டைக் கேட்டிருப்பீங்களா?"ன்னாங்க. கேட்டிருப்பேன்னு சொன்னேன். வெளியே வந்து படிக்கட்டுல நின்னு அதே கேள்வியை நானே என்னைக் கேட்டேன். அங்கே அவ்வளவு வேகமா பதில் வரலை அக்கா.

இப்ப கையுறை, ஹெல்மெட், ஆபீஸ் நாற்காலி வாங்கற வேலையில இருக்கேன். நாற்காலிக்கு டிராயிங் மாத்தறது இல்லை. ரொம்ப நிம்மதி.

ஆனா ஒண்ணு. விஷயம் அவ்வளவு தூரம் வெளியே வந்துட்டதால, டெஸ்ட் இல்லாம கையெழுத்துப் போட வேற யாருக்கும் தைரியம் வரலை. எல்லா வால்வையும் அனுப்பினாங்க. தண்ணி ஏத்தினாங்க. போன வாரம் முடிவு வந்துச்சு.

தாங்கிருச்சு. எல்லாமே. ஒரு சொட்டுகூட இல்லை. அந்தக் கம்பெனிக்காரங்க சொன்னது சரி.

மேனேஜர் ஆபீஸ் முழுக்க இனிப்பு கொடுத்தார். என் மேஜைக்கு வந்து, "எடுத்துக்கங்க தம்பி, உங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும்"ன்னார். எடுத்துக்கிட்டேன். எத்தனை வாரம் வீண், எத்தனை பேர் கூலி வீண். அந்த நெட்டை வெல்டர் போயிட்டாருன்னு நீ எழுதியிருந்ததைப் படிச்சதுக்கு அப்புறம் அந்த இனிப்பு இறங்கலை.

எதுக்கும் ஒண்ணும் ஆகலை அக்கா. நான் சும்மா பயந்திருக்கேன். அவ்வளவுதான்.

தம்பி

*

செப்டம்பர் 2

என் பூசணிக்கு,

சுகம். நீ எப்படின்னு கேக்கல, தெரியுது. அதனால நான் சொல்றதை மட்டும் கேளு.

வால்வு வந்துடுச்சு. நான் குடத்தளவு இருக்கும்னு நெனைச்சேன். யப்பா! மீசைக்காரரை உள்ள வெச்சு மூடிடலாம் போல இருக்கு. கிரேன் அதைத் தூக்கிப் பள்ளத்துல இறக்கினப்போ தெருவே நின்னு பார்த்துச்சு. மீசைக்காரர் ரெண்டு கையையும் தூக்கி, "மெதுவா, மெதுவா, என் தங்கச்சி வீட்டு வால்வு"ன்னு கிரேன்காரனைப் பார்த்துக் கத்தினார். பத்த வெச்சு முடிச்சதும் என்னைக் கூப்பிட்டார். "வாங்க, தொட்டுப் பாருங்க"ன்னார். நான் மாட்டேன்னேன். "உங்க தம்பி தாங்கிக் காட்டச் சொன்னது இதுதான், சும்மா தொடுங்க"ன்னார். தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. கையை உடனே எடுக்கல.

நெட்டையன் திரும்பி வரல. அவனுக்குப் பதிலா வந்த ஆள் குட்டை. நெட்டையன் சட்டை இன்னும் என் வீட்டு ஆணியிலதான் தொங்குது. அதுக்கு நீயும் பொறுப்பு, நானும் பொறுப்பு. இல்லைன்னு உன்னைத் தேத்த மாட்டேன்.

ஆனா சும்மா பயந்தேன்னு எழுதியிருக்கியே, அதுக்குத்தான் கோவம் வருது. மேனேஜரும் தாங்கும்னு சொன்னார், இப்ப நீயும் தாங்கிருச்சுன்னு சொல்ற. ரெண்டும் ஒண்ணாடா? அவர் சொன்னதை வெச்சுக்கிட்டு நான் காத்து வராத ரூம்ல படுத்திருந்தேன். நீ சொன்னதைப் படிச்சுட்டுக் கட்டிலை மறுபடி வாசல் ரூமுக்கே இழுத்துட்டேன். காத்து நல்லா வருது. நாற்காலி வாங்கற வேலைன்னா நாற்காலி வாங்கு. வாங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் உக்காந்து பாரு, அவங்க சிரிக்கட்டும்.

லீவு கிடைச்சா வா. போனையும் இனிமே எடுக்கப் பார்க்கறேன். முதல் ரெண்டு மணி விட்டுட்டு மூணாவதுல எடுப்பேன், வெச்சுடாதே.

உன் அக்கா

கவரை ஒட்டப் போனேன், மறுபடி பிரிச்சுட்டேன். உன்கிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. ஆலை விசாரணைக்கு நான் போயிருந்தப்போ, அந்த பாய்லர் வால்வை வாங்கினவனும் வந்திருந்தான். உன் வயசுதான் இருக்கும். நல்ல பையனாத்தான் தெரிஞ்சான். கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "எல்லாரும் சரியாத் திறக்கும்னுதான் சொன்னாங்க, எழுதியும் கொடுத்தாங்க"ன்னான். என்னைப் பார்த்தான், உடனே தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவனைத் திட்டணும்னுதான் போனேன், திட்டாமயே திரும்பிட்டேன். அன்னில இருந்து அவன் முகம் என் கண்ணுல நிக்குது. உன் கடிதத்தைப் படிச்சதுல இருந்து உன் முகத்தோட சேர்ந்து நிக்குது. அவனுக்கும் ஒரு அக்கா இருந்து, அவ வீடும் அந்த ஆலைக்கு எதிர்லயே இருந்திருந்தா, உன் மாமா அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பாராடா?